தண்ணி இருக்கு, குடிக்கத்தான் வழியில்லை

(தலைப்பு: பனியன் கம்பெனி வெக்கையிலிருந்து தொழிலாளியைக் காப்பது அவரவர் எச்சரிக்கையே! நிர்வாகத்தின் ஏற்பாடே! ‘நிர்வாகத்தின் ஏற்பாடே’ என்ற அணியில் பேசியது.)



எதிரணி நண்பர் அருமையாகப் பேசினார். “மோர் குடி, பருத்திச் சேலை கட்டு, பாட்டிலில் தண்ணி கொண்டு போ. வெக்கை உன்னை என்ன செய்யும்?” என்று கேட்டார். ஐயா, அவர் பேசும்போது நான் மேலே பார்த்தேன். இந்த அரங்கத்தில் ஏ.சி. ஓடுது! (சிரிப்பு, கைதட்டல்)

எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தியின் தாயார் திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர். ஒரு சித்திரை மாதம் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். பார்க்கப் போனேன். போனவன் சும்மா இருந்தேனா? நம்ம நண்பர் மாதிரியே உபதேசம் பண்ணினேன். “ஏம்மா, நேரத்துக்குத் தண்ணி குடிக்கக் கூடாதா?”

அந்த அம்மா சொன்னாங்க: “தண்ணி இருக்குதுங் சார். குடிச்சா பாத்ரூம் போகோணுமுங்களே. அத்தனை பொம்பளைங்களுக்கு ரெண்டே ரெண்டு. அதுக்கும் சூப்பர்வைசர்கிட்ட டோக்கன் வாங்கோணும். ஆம்பளைகிட்டப் போயி ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி கேக்கறதுங்?”

நடுவர் அவர்களே, முப்பது வருஷமா மேடையில் பேசுறேன். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரலே.

வெக்கையில் வேலை செய்கிறவர் கால் மணிக்கோ இருபது நிமிஷத்துக்கோ ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறது மருத்துவம். இந்த அம்மாவோ காலையில் பூட்டிய வாயைச் சாயங்காலம்தான் திறக்கிறார். எழுந்து போனால் பீஸும் போச்சு. பீஸ் ரேட்டுக்காரருக்குக் கூலியும் போச்சு. இப்போது சொல்லுங்கள், இங்கே எச்சரிக்கையா குறைச்சல்?

நான் தமிழ் வாத்தியார். பாலை என்று நமக்குத் தனியாக ஒரு நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து தன் குணம் கெட்டால் அதுதான் பாலை. அந்தக் காலத்தில் அதைச் சூரியன் செய்தது. இப்போது தகரம் போட்டு நாமே கட்டுகிறோம்! (கைதட்டல்)

கூரைச் சூடு மட்டுமா? ஒரு மனுஷ உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறக்குறைய 100 வாட் பல்பு அளவுக்குச் சூட்டை வெளிவிடும். இருநூறு பேர் இருக்கிற ஹாலில் இருநூறு பல்பு! பழைய கிளட்ச் மோட்டார் வேறே. பெடலிலிருந்து காலை எடுத்தாலும் அது ஓடிக்கிட்டே சூட்டைக் கக்கும், அதுவும் முழங்காலுக்குப் பக்கத்தில். அயர்ன் மாஸ்டர் பாடு இதைவிட மோசம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அங்கே காற்றெல்லாம் நீராவி. வியர்வை எங்கே காயும்?

இதெல்லாம் புதுசாக நான் கண்டுபிடித்ததா? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, சுவரும் கூரையும் இயன்றவரை வெப்பத்தைக் குறைக்கும்படி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் கோடையில் தண்ணீரைக் குளிர்ச்சி செய்து கொடு என்றார்கள். 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. பேரிடரை மோர் குடித்தா சமாளிப்பது?

முதலாளிகள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரலே. திருப்பூரில் பல முதலாளிகள் ஒரு காலத்தில் மெஷினில் உட்கார்ந்தவர்கள்தான். ஆர்டர் தேதி அவர் கழுத்தையும் பிடிக்குது. ஆனால் கூரைக்கு வெள்ளை அடிப்பது, நீராவிக் குழாய்க்குச் சூடு தாங்கும் உறை சுற்றுவது, சூட்டை வெளியே தள்ளும் ஃபேன் வைப்பது இதெல்லாம் டெய்லர் செய்ய முடியுமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் புதுசா வந்த பையனுக்கு முதல் நாளே முழு ஷிப்ட் கொடுக்கிறோம். எந்த ஊர்க்காரனானாலும் உடம்பு அந்த வெக்கைக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமா வேலையைக் கூட்டணும்.

முக்கியமான ஒன்று. வெப்பம் மூளையைத் தாக்கினால் ஆள் சம்பந்தமில்லாமல் பேசுவார், தடுமாறுவார். தனக்கு ஆபத்து என்பதே அவருக்குத் தெரியாது! எதிரணியின் ‘எச்சரிக்கை’ அந்த நேரத்தில் எங்கே போகும்? பக்கத்தில் இருப்பவர்தான் 108-க்குச் சொல்லணும், நிழலுக்குத் தூக்கணும், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறணும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. இதை லைன் சூப்பர்வைசருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது யார்?

மணி அடிச்சுட்டீங்க. ஒரே நிமிஷம் ஐயா.

அந்த அம்மா இப்போது வேறே கம்பெனிக்குப் போய்விட்டார். பீஸுக்குப் பத்துப் பைசா குறைச்சலாம். “ஏம்மா, கூலி குறைஞ்ச இடத்துக்கா போனீங்க?” என்று கேட்டேன்.

“அங்க பாத்ரூமுக்கு டோக்கன் இல்லீங் சார்” என்றார்.

(பலத்த கைதட்டல்)