ஆல்புமினைக் கேட்டீர்களா?

சாப்பாட்டுக்கு முன்னால் ஆசிட்-பேஸ் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். பசித்தவர்களை நீண்ட நேரம் உட்கார வைக்க மாட்டேன்.

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, நோயாளிகளின் ரத்தத்தில் மொத்த கார்பன் டை ஆக்சைடு கூடியிருந்ததைப் பார்த்து ஆல்கலோசிஸ் என்றே நினைத்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன்தான், மூச்சு போதாமல் வாயு தேங்கி வந்த அசிடோசிஸ் என்று கண்டு சொன்னார். அப்புறம் மருத்துவ மாணவர்கள்தான் முறை போட்டு, இரவு பகலாகக் கையால் பை அழுத்தி உயிர்களைக் காப்பாற்றினார்கள். மாணவர்கள் கவனிக்கவும்!

அந்த அனுபவத்திலிருந்து டென்மார்க்காரர்கள் பேஸ் எக்ஸஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். பாஸ்டன்காரர்கள் பைகார்பனேட்டையே பிடித்துக்கொண்டார்கள். இரு கட்சிக்கும் பெரிய சண்டை. 1981-இல் பீட்டர் ஸ்டூவர்ட் மூன்றாவது வழி சொன்னார்: கார்பன் டை ஆக்சைடு, வலுவான அயனிகளின் வித்தியாசம், ஆல்புமின் போன்ற மென்அமிலங்கள், இந்த மூன்றும்தான் பி.ஹெச்.சைத் தீர்மானிக்கின்றன.

நான் ஐ.சி.யு.வில் சேர்ந்த புதிது. குடல் ஓட்டைக்கு ஆபரேஷன் ஆன ஓர் அம்மா. பி.ஹெச். 7.41, பி.சி.ஓ.டூ 36, பைகார்பனேட் 22, பேஸ் எக்ஸஸ் மைனஸ் 2. சோடியம் 138, குளோரைடு 104. அனயான் கேப் 12. 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

காலையில் சீஃப் கேட்டது ஒரே கேள்வி: "ஆல்புமின் எவ்வளவுப்பா?"

1.6 கிராம். ஆல்புமின் ஒரு கிராம் குறைந்தால் கேப் சுமார் 2.5 சுருங்கும். 4-ஐ நார்மலாக வைத்தால் 6 கூட்ட வேண்டும். நிஜ கேப் 18. லாக்டேட் அனுப்பினோம், 6 வந்தது. தையல் விட்டுப் போயிருந்தது. ஆல்புமின் குறைவு ரத்தத்தைக் காரப் பக்கம் இழுக்க, லாக்டேட் அமிலப் பக்கம் இழுக்க, நடுவில் பேஸ் எக்ஸஸும் பி.ஹெச்.சும் சாதுவாக உட்கார்ந்திருந்தன. மறு ஆபரேஷன் செய்தும் அந்த அம்மா பிழைக்கவில்லை. அந்த ஓர் இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்படியானால் ஸ்டூவர்ட் முறையே போதுமா? விளக்கத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. நார்மல் சலைனில் சோடியமும் குளோரைடும் தலா 154. லிட்டர் லிட்டராக ஏற்றினால் ஏன் அசிடோசிஸ் வருகிறது என்பதை அது அழகாகச் சொல்லும். ஆனால் அதற்கு ஏழெட்டு டெஸ்ட் வேண்டும். ஒவ்வொன்றின் பிழையும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். ராத்திரி இரண்டு மணிக்கு நான் போடுவது ஆல்புமினுக்குத் திருத்திய கேப்தான், கூடவே லாக்டேட். பெரும்பாலும் ஸ்டூவர்ட் காட்டுவதை இதுவும் காட்டிவிடுகிறது.

மீதிச் சந்தேகம் உள்ள மாணவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காரலாம்.