வெர்மீரின் வெற்றுச் சுவர்



கவிதையைப் படிக்கும்போதும் ஓவியத்தைப் பார்க்கும்போதும் மனம் முதலில் கதையைத் தேடுகிறது. கதை கிடைத்ததும் கண் ஓய்ந்துவிடுகிறது. கதை என்று சொல்ல ஏதுமற்ற ஓவியத்தில் கண் என்ன காணும் என்பதற்குச் சான்று, டச்சு ஓவியர் யோகான்னஸ் வெர்மீர் (1632-1675) ஏறத்தாழ 1660இல் தீட்டிய 'பால் வார்க்கும் பெண்'. 1908 முதல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள இந்த எண்ணெய் வண்ண ஓவியத்தின் உயரம் 45.5 சென்டிமீட்டர், அகலம் 41 சென்டிமீட்டர்.

இவ்வளவு சிறிய கித்தானில் ஒரு பணிப்பெண் பெருஞ்சிலைபோல் நிற்கிறாள். பார்வையின் மட்டம் தாழ்வாக அமைக்கப்பட்டிருப்பதே காரணம். சன்னலின் கோடுகளை நீட்டினால், குடத்தைப் பற்றிய அவளது வலக்கைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் அவை கூடுகின்றன. அந்த இடத்தில் ஊசி குத்திய துளையொன்றும் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே கண் எங்கு அலைந்தாலும் பால் ஒழுகும் இடத்திற்கே திரும்புகிறது. அசைவற்ற அந்த அறையில் அசைவது அது ஒன்றுதான்.

ஒளி இடப்புறச் சன்னலிலிருந்து வருகிறது. வெளிச்சம் படும் முகத்திற்குப் பின்னால் சுவர் மங்கலாகவும், நிழல் படிந்த தோளுக்குப் பின்னால் சுவர் பிரகாசமாகவும் உள்ளன. அந்தத் தோளின் விளிம்பில் மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடுகிறது. இயற்கையில் அப்படியொரு கோடு இல்லை. உருவம் சுவரினின்று விலகித் தெரிய ஓவியர் இட்டது அது. ரொட்டியின் மேல் தூவிய ஒளிப் புள்ளிகளும் அத்தகையவை. மேலாடைக்கு ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த மஞ்சள். முன்றானைத் துணிக்கு லாபிஸ் லசூலி கல்லை அரைத்தெடுத்த நீலம். அக்காலத்தின் விலையுயர்ந்த நிறமி ஒரு வேலைக்காரியின் உடைக்குச் செலவிடப்பட்டிருக்கிறது. பாடுபொருளின் மதிப்பை நிறமே சொல்லிவிடுகிறது.

எஞ்சியிருப்பது அவளுக்குப் பின்னுள்ள வெற்றுச் சுவர். அது தொடக்கத்திலேயே வெற்றாக இருந்ததில்லை. ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022இல் வெளியிட்ட ஆய்வு, வண்ணப் பூச்சின் அடியில் இரண்டு பொருள்களைக் காட்டியது. தலைக்குப் பின்னால் குடங்களை மாட்டும் பலகை. வலப்புறம் கீழே, தணல் வைத்துத் துணி உலர்த்தும் பின்னல் கூடை. இரண்டையும் வெர்மீரே வண்ணம் பூசி மறைத்துவிட்டார். கூடை இருந்த பக்கத்தில் இப்போது தரையில் ஒரு சிறு கால்சூட்டுப் பெட்டி மட்டும் இருக்கிறது.

அந்தப் பொருள்கள் பொய்யானவை அல்ல. அடுக்களையில் குடங்கள் இருப்பது இயல்பே. ஆயினும் அவை இருந்திருந்தால், குனிந்த அந்தத் தலையின் அமைதி குடங்களின் நெரிசலில் கரைந்திருக்கும். கவிஞர்கள் கருத வேண்டிய இடம் இது. உண்மையாய் இருப்பதனால் மட்டும் ஒரு வரி கவிதையில் நிற்கும் தகுதியைப் பெறுவதில்லை.

அதே சுவரில் ஓர் ஆணியையும் அதன் சிறு நிழலையும் ஆணி பிடுங்கிய துளைகளையும் வெர்மீர் நுணுகித் தீட்டியிருக்கிறார். குடங்களை நீக்கிய கை ஆணித் துளையை நீக்கவில்லை. அவள் முகத்தோடு போட்டியிடுபவை மறைந்தன. அவள் அன்றாடம் புழங்கிய சுவரின் தழும்புகள் தங்கின. சிக்கனம் என்பது குறைத்துக்கொண்டே போவதன்று. எதை விடக்கூடாது என்று அறிவதும் அதில் அடக்கம்.