பட்டைக்கும் மருந்துக்கும் நடுவே

இன்று மருந்தியல் பட்டம் பெறும் பிள்ளைகளே,

மார்பகப் புற்றுநோய்க்கு முள்சீத்தா இலைக் கஷாயம் போதும் என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் செய்தி வருகிறது. அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. அந்த நோய்க்கு இன்று ஏற்றப்படும் முக்கிய மருந்துகளில் ஒன்றான பாக்லிடாக்சலே மரப்பட்டையிலிருந்து வந்ததுதான்.

1962-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். வட கரோலினாவில் மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானியும் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்து, 1971-ல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். ஆனாலும் அதைச் சீந்துவார் அதிகமில்லை. தண்ணீரில் கரையாது, பட்டையை உரித்தால் மரமே பட்டுப்போகும்.

1979-ல் ஆய்வாளர் சூசன் ஹார்விட்ஸ் அது வேலை செய்யும் விதத்தைக் கண்டு சொன்னார். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்க நுண்குழாய்கள் உருவாகும், வேலை முடிந்ததும் கலையும். நம் ஊர் நித்தியகல்யாணியின் மருந்துகள் அவற்றை உருவாக விடாது. பாக்லிடாக்சல் கலைய விடாது. எப்படியானாலும் செல் பாதி வழியில் சிக்கி மடிகிறது. கரைப்பதற்கு ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பான் வந்தது, கூடவே ஒவ்வாமையும் வந்தது. மரத்தைக் காப்பாற்றியது ஐரோப்பிய யூவின் இலை: உதிர்த்தாலும் திரும்பத் துளிர்க்கும், அதிலுள்ள பொருளை மருந்தாக மாற்றிக்கொள்ளலாம். மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 1994-ல். பட்டை உரித்து 32 ஆண்டுகள்!

மஞ்சளின் குர்குமினும் ஆய்வகத் தட்டில் புற்றுச்செல்லைக் கொல்கிறது. தட்டில் கொல்வது பெரிய வித்தையா? பிளீச்சிங் பவுடரும் கொல்லும். விழுங்கிய குர்குமின் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். சேர்ந்ததையும் உடல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

நாளை உங்கள் கவுன்டருக்கு ஓர் அம்மா வருவார், கையில் கீமோ சீட்டு, பையில் ஏதோ ஒரு சூரணம். அதட்டாதீர்கள். என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு, எப்போதிருந்து என்று கேளுங்கள். பாக்லிடாக்சலைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைச் சில மூலிகைகள் முடுக்கும், சில மட்டுப்படுத்தும். இரத்தத்தில் மருந்தின் அளவே மாறிவிடக்கூடும். அவர் சொல்வதை எழுதி, அடுத்த டோஸ் ஏறுவதற்கு முன் அவருடைய மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.