மகிழமரத்துக்குக் கத்தி வைத்த கதை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மண்டபத்துக்கு முன்னால் நிற்கும் மகிழமரத்தை நாங்கள் தறித்துவிட்டோம் என்று வெளிநாட்டிலிருக்கும் அக்காமார் பலர் ஏசியிருந்தீர்கள். தறிக்கவில்லை. கத்தி வைத்தோம். மரக்குழுவில் வைத்தியர் இருப்பதால் விளக்கம் சொல்லும் வேலை இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு கார்த்திகை மழையில், பெரிய கொப்பொன்று முறிந்து தரம் 6 வகுப்பறைக் கூரையில் விழுந்தது. இரவு என்றபடியால் தப்பினோம். பகலென்றால் அந்த வாங்குகளில் முப்பது பிள்ளைகள். பெற்றார் மரத்தை அடியோடு தறிக்கச் சொன்னார்கள். அவர்களில் பிழையில்லை. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒரு கொப்பிலும் கை வைக்காதீர்கள் என்று நீங்கள் எழுதினீர்கள். அன்பு விளங்கியது. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே இருப்பது உங்கள் பிள்ளைகள் இல்லையே என்று எங்களில் ஒருத்தி சொன்னதையும் மறைக்க விரும்பவில்லை.

முறிந்த இடத்தைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிறகு, மறு வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது, மரம் தலையில்லாமல் நின்றது. யாரோ விறகுக்காக மொட்டையடித்திருந்தார்கள். வெட்டுவாயைச் சுற்றிக் கற்றையாகத் துளிர். ஓ.எல். எழுதவிருந்த நாங்கள் அதைப் பார்த்துச் சந்தோசத்தில் அழுதோம். அந்தத் துளிர்தான் பின்னர் தொடை மொத்தக் கொப்புகளானது. மொட்டையடித்த இடத்தில் வரும் கொப்பு உள்மரத்தோடு கோத்து வளர்வதில்லை. வெளியே ஒட்டிக்கொண்டே பாரமேறும். அடியில் பழைய வெட்டு உக்கிக்கொண்டிருக்கும். நாங்கள் கொண்டாடிய துளிர்தான் கூரையில் விழுந்தது.

மனிதப் புண் ஆறும். மரத்தின் புண் ஆறாது. அமெரிக்க மரவியலாளர் அலெக்ஸ் ஷைகோ எத்தனையோ மரங்களை நெடுக்காக அரிந்து பார்த்துக் கண்டது இது: உக்கிய பகுதியை மரம் குணப்படுத்துவதில்லை, சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது. அதற்குக் கொப்பின் அடியிலுள்ள தடித்த வளையம் முக்கியம். வளையத்தை வெட்டினால் அடைப்புப் பலவீனமாகும். நீளக் கட்டை விட்டால் மூட முடியாமல் உக்கும். எனவே வளையத்துக்குச் சற்று வெளியே வெட்டவேண்டும். அதுவும் ஒரே வெட்டாக அல்ல. முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம், அதற்கு வெளியே மேலிருந்து முழுதாக, பாரம் போனபின் மிஞ்சிய கட்டை. இல்லாவிட்டால் பட்டை அடிமரம்வரை உரிந்து போகும். தார் பூசவில்லை, அது உக்கலை நிறுத்துவதில்லை. (முன்பொரு காலம் பொந்தில் சீமெந்து அடைத்ததும் எங்கள் சங்கந்தான்.)

கிழமரத்தில் இலையை ஒரேயடியாகக் குறைத்தால் பட்டினி. ஆகவே மூன்று தை மாதங்களில், மாரி ஈரம் மண்ணில் இருக்கும்போது, கொஞ்சங் கொஞ்சமாகச் செய்தோம். முதலில் பட்ட கொப்புகள். பிறகு கூரைப்பக்கம் நீண்டவற்றைப் பக்கக்கொப்பு வரை குறுக்கினோம்.

அதைவிடப் பலன் தந்தது அடியைச் சுற்றியிருந்த சீமெந்துத் தளத்தை உடைத்ததுதான். எங்கள் மண் ஆழமில்லை, கீழே சுண்ணக்கல். வேர் பக்கவாட்டில்தான் ஓடும். தோட்டத்தில் குழை தாழ்ப்பதுபோல் கிடங்கு வெட்டாமல், பூவரசங்குழையையும் சருகையும் அடிமரத்தில் முட்டாமல் மேலே பரப்பினோம்.

கல்கத்தாவுக்கு அருகே ஹவுராவிலுள்ள தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தைப் புயல்கள் முறித்துப் பூஞ்சணம் பிடித்தபோது, 1925இல் நடுமரத்தையே எடுத்தார்கள். விழுதுகளில் இன்றும் நிற்கிறது. மகிழுக்கு விழுது இல்லை. அதனால்தான் பயந்து பயந்து வெட்டினோம்.

இப்போது பூக்கிறது. விடிய வரும் பிள்ளைகள் பொறுக்கிக் கோக்கிறார்கள். பழைய குடைவட்டம் இல்லை; மேற்குப் பக்கம் மொட்டையாகத் தெரியும். படம் எடுப்பவர்கள் கிழக்கே நின்று எடுங்கள். தயவுசெய்து நூற்றாண்டுப் பதாகையை மரத்தில் ஆணியடிக்க வேண்டாம். கேற்றில் கட்டலாம்; கயிறு அலுவலகத்தில் இருக்கிறது.