கோபுரம் நிற்குமா? கணிப்பொறிக்குக் கற்பிக்கும் கணக்கு



கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அக்கோபுரம் நிற்குமா, சாயுமா என்பதை அடுக்குமுன்னரே கணிப்பொறி கூறவேண்டும். அதற்கான நிரலை எழுதும் முறையே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு கட்டையின் எடை முழுவதும் அதன் ஈர்ப்பு மையத்தில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். தாங்கும் பரப்பின் விளிம்பை அம்மையம் கடந்தால் கட்டை விழும். ஆதலின், ஒவ்வொரு கட்டையும் அடுத்த கீழ்க்கட்டையின்மேல் நிற்கிறதா என்று பார்த்தாலே போதுமெனத் தோன்றும். அது போதாது.

20 செ.மீ. நீளமும் சம எடையும் உள்ள 3 கட்டைகளைக் கொள்வோம். ஒவ்வொன்றையும் தன் கீழுள்ளதினின்று 8 செ.மீ. வலப்புறம் தள்ளி வைப்போம். அரை நீளம் 10 செ.மீ. ஆகையால், இரண்டிரண்டாகப் பார்த்தால் குறையில்லை. ஆயினும் மேலிரு கட்டைகளின் மையங்கள் அடிக்கட்டையின் நடுவிலிருந்து 8, 16 செ.மீ. தொலைவில் உள்ளன; அவற்றின் பொதுமையம் 12 செ.மீ. தொலைவில் அமைகிறது. விளிம்போ 10 செ.மீ.யில் முடிகிறது. கோபுரம் சாயும்.

இனி, மொத்தத்தை அடிக்கட்டையோடு மட்டும் ஒப்பிடுவதும் போதாது. நடுக்கட்டையை இடப்புறம் 6 செ.மீ., மேற்கட்டையை வலப்புறம் 6 செ.மீ. தள்ளினால் பொதுமையம் அடிக்கட்டையின் நடுவிலேயே நிற்கும். ஆனால் மேற்கட்டை நடுக்கட்டையினின்று 12 செ.மீ. விலகிவிட்டதால் அது விழுந்தே தீரும்.

எனவே நிரல் உச்சியிலிருந்து கீழிறங்க வேண்டும். ஒவ்வொரு கட்டையின் எடையையும், எடையை இடத்தால் பெருக்கிய தொகையையும் கூட்டிக்கொண்டே வரவேண்டும். பின்னதை முன்னதால் வகுத்தால் பொதுமையம் கிடைக்கும். இரு கட்டைகள் தொட்டிருக்கும் பகுதிக்குள் அது உள்ளதா என ஒவ்வோர் இணைப்பிலும் வினவவேண்டும். ஓரிடத்தில் ‘இல்லை’ எனில் கோபுரம் சாயும். 100 கட்டைகளாயினும் ஒருமுறை இறங்கினால் போதும். மூன்றில் ஒரு பங்கு போன்ற பின்னங்களைக் கணிப்பொறி முழுமையாக ஏற்பதில்லை. விளிம்பருகே விடை பிறழலாம். ஆதலின் அளவுகளை முழு எண்களாக்கி, வகுக்காமல் பெருக்கியே ஒப்பிடுவது நன்று.

செங்கல் சுமந்த பெற்றோரின் பிள்ளைகள் நம் மாணவர்களுள் பலர். எடை எங்கே இறங்கும் என்பதை அப்பெற்றோரின் தலையும் தோளும் அறியும். அவ்வறிவைக் கணக்காக எழுதும் உரிமையே அவர்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. இன்று பிள்ளைகள் அதனை எழுதட்டும். விடையை மனப்பாடம் செய்யாது, மூன்று கட்டைகளை அடுக்கிப் பார்த்து, ‘ஏன் சாய்ந்தது?’ என்று வினவட்டும். அவ்வினாவுக்கு இடந்தரும் வகுப்பறையே நாம் வேண்டுவது.