காண்ட்ராக்டருக்குப் பின்னால் யார்?

(வி.ஆர். கிருஷ்ணய்யர் குறித்துத் திருப்பூர்க் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

சனிக்கிழமை ராத்திரி பனியன் கம்பெனி வாசலில் சம்பள பாக்கி கேட்டு நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். 'காண்ட்ராக்டரைப் போய்க் கேளு, எனக்கும் உனக்கும் என்ன?' என்பார் முதலாளி. காண்ட்ராக்டர் அன்றைக்கு ஊரிலேயே இருக்க மாட்டார். பீஸ் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டில் கம்பெனி பேரும் இருக்காது.

இதே பதிலைத்தான் கோழிக்கோட்டில் ஒரு கயிறு ஆலை, வேலை மறுக்கப்பட்ட 29 தொழிலாளர்களுக்குச் சொன்னது. 1978இல் உச்சநீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் அந்தக் காகிதத் திரையை விலக்கிப் பார்த்தார். யாருடைய வியாபாரத்துக்குச் சரக்கு உற்பத்தியாகிறதோ, யார் கைவிட்டால் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரியாதோ, அவரே முதலாளி என்றார். நடுவில் எத்தனை காண்ட்ராக்டர் நின்றாலும் சரி. ஹுசைன்பாய் வழக்கு என்று பேர், குறித்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளர் தானாகவே நிரந்தரமாகிவிட முடியாது என்று 2001இல் அதே நீதிமன்றம் வழியைக் குறுக்கியது. ஆனாலும் ஒப்பந்தம் வெறும் வேஷம் என்று நிரூபித்தால் வழக்கு நிற்கும்.

பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர்தான். 1957 கேரள கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சர், பிறகு சட்ட ஆணைய உறுப்பினர், 1973 முதல் 1980 வரை உச்சநீதிமன்ற நீதிபதி. 2014இல் இறந்தார்.

என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அவர் இன்னொரு வழக்கில் நெருக்கமானவர். கேரளப் பதிவுத் துறையில் தலித், பழங்குடி குமாஸ்தாக்கள் பதவி உயர்வுத் தேர்வு எழுத அரசு இரண்டு வருஷம் கூடுதல் அவகாசம் கொடுத்தது. 51 இடங்களில் 34 அவர்களுக்குப் போனது. தகுதி செத்துப்போச்சு என்று வழக்கு. 1975இல் ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் நம் பக்கம் நின்றார்கள், அதில் இவரும் ஒருவர். இது சலுகை இல்லை, சமத்துவமே இதுதான் என்பது அவர் கட்சி.

அதே தீர்ப்பில்தான், பலனையெல்லாம் மேலடுக்கு 'கிரீமி லேயர்' அள்ளிக்கொள்கிறது என்றும் எழுதினார். 2024 ஆகஸ்டில், அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்கு அரண் கொடுத்த தீர்ப்பில், நான்கு நீதிபதிகள் தலித்துகளிலும் கிரீமி லேயரைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும் என்றார்கள். உள் ஒதுக்கீட்டை வரவேற்கிறேன். இதை ஏற்க முடியாது. காண்ட்ராக்டருக்குப் பின்னால் முதலாளியைப் பார்த்த அய்யர், சம்பளத்துக்குப் பின்னால் இருக்கிற சாதியை இங்கே பார்க்கவில்லை என்பேன்.

பேங்க் வேலை கிடைத்து இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடினேன். அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு வீட்டுக்காரம்மா கேட்டார்: 'தம்பி, நீங்க என்ன ஆளுங்க?' சொன்னேன். பணம் திரும்பி வந்தது. சம்பளச் சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது.

மீதியைக் கேள்வி நேரத்தில் பேசுவோம்.