புதிய கார்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமாக வேண்டுமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர் எனக்கு அளிக்கப்பட்டுள்ள இந்தச் சிறிது நேரத்தில் கார்களைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். பள்ளிவாசல் கூட்டத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஜும்ஆ முடிந்து இத்தெருவில் நடந்து செல்ல முயன்றவர்கள் அவ்வாறு எண்ண மாட்டார்கள்.

நான் பத்தொன்பது ஆண்டுகள் சவூதியில் ஓட்டுநராகப் பணியாற்றியவன். நாங்கள் அங்கு ஓட்டிய கார்களில் வேகம் 120 கிலோ மீட்டரைத் தாண்டியதும் ஒரு மணி ஒலிக்கத் தொடங்கும். வேகம் குறைந்தால்தான் ஓயும். வளைகுடாவில் வண்டி ஓட்டிய சகோதரர்கள் பலருக்கு அந்த ஓசை நினைவிருக்கும். புதிய வண்டி கைக்கு வந்த முதல் வாரமே பட்டறைக்குச் சென்று அந்த மணியின் ஒயரைத் துண்டித்துக் கொள்வது எங்கள் வழக்கமாக இருந்தது. நானும் அவ்வாறே செய்தேன். அதற்காக வெட்கப்பட்டதில்லை, பெருமையாகப் பேசியதும் உண்டு.

ஊர் திரும்பிய பின் என் தங்கை மகனுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்தேன். சாவியை வாங்கியவுடன் அவன் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு போகும் மாமா?" என்பதுதான். மீட்டரில் 220 வரை இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். 2017-ஆம் ஆண்டு ஓர் இரவில், நான்கு வழிச் சாலையின் ஓரம் நின்றிருந்த லாரியின் பின்புறம் அந்தக் கார் மோதியது. அது வந்த வேகம் என்னவென்று என் தங்கைக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை. அவனது சந்தூக்கைச் சுமந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றீர்கள்.

சகோதரர்களே! அந்த லாரியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். 2015-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிப்பின்படி சரக்கு வாகனங்களும் பேருந்துகளும் 80 கிலோ மீட்டருக்கு மேல் செல்லாதவாறு கருவி பொருத்தப்பட வேண்டும். பள்ளிப் பேருந்துகள், டேங்கர் லாரிகள், டிப்பர்கள் ஆகியவற்றுக்கு வரம்பு 60. ஆனால் எட்டுப் பேருக்கு மிகாமல் பயணிக்கும் சிறிய கார்களுக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். பிழைப்புக்காக ஓட்டுபவனுக்குக் கடிவாளம். விருப்பத்திற்காக ஓட்டுபவனுக்கு இல்லை. இந்தப் பாகுபாட்டிற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

கார்களுக்குக் கிடைத்தது மணி மட்டுமே. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் தயாரிக்கப்படும் கார்கள் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலிக்க வேண்டும். மணி அடித்தால் மனிதன் என்ன செய்வான் என்பதற்கு நானே சாட்சி. ஜப்பானிலும் முன்பு 105 கிலோ மீட்டரில் ஒலிக்கும் மணி கட்டாயமாக இருந்தது. 1986-இல் அதைக் கைவிட்டார்கள். அந்தச் சீரான ஓசை ஓட்டுநருக்குத் தூக்கத்தை வரவழைக்கிறது என்றுகூடக் குறை சொல்லப்பட்டதாம்!

வேகம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கின்றேன். நல்ல டயர், காய்ந்த சாலை, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி என்று வைத்துக் கொள்வோம். 80 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 57 மீட்டரில் நின்றுவிடும். 100-இல் வரும் கார் நிற்க 83 மீட்டர் வேண்டும். 26 மீட்டர்தானே அதிகம் என்று தோன்றும். ஆனால் முதல் கார் முழுவதுமாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 65 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கும். ஒருவன் லாரிக்கு முன்னால் நின்று மூச்சு விடுகின்றான். மற்றவன் 65-இல் மோதுகின்றான்.

2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நமது தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அகில இந்திய அளவில் நூற்றுக்கு 71 மரணங்களுக்கு அதிவேகமே காரணமென்று பதிவாகியுள்ளது. காவல் நிலையத்தில் வேறு காரணம் எழுதத் தெரியாவிட்டால் அதிவேகம் என்று எழுதிவிடுவார்கள் என்பதையும் நாம் அறிவோம். பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சுவது சிறிய எண்ணிக்கை அல்ல.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் ஒன்றை நான் மதிக்கின்றேன். இருவழிச் சாலையில் 60-இல் செல்லும் லாரியை முந்தி, 50 மீட்டர் முன்னேற வேண்டுமென்றால் 80-இல் செல்பவருக்கு ஒன்பது விநாடி தேவை. அதற்குள் அவர் எதிர்ப்புறத் தடத்தில் 200 மீட்டர் ஓடியிருப்பார். 100-இல் செல்பவருக்கு நாலரை விநாடியும் 125 மீட்டரும் போதும். எனவே காரை 80-இல் கட்டிவைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. கார்களுக்கு வரம்பு அதைவிட உயர்வாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வரம்பு இருந்தாக வேண்டும். 220 எதற்கு? எந்தச் சாலைக்கு?

நேரம் மிச்சமாகிறது என்பார்கள். சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330 கிலோ மீட்டர். எங்கும் நிற்காமல் 120-இல் சென்றால், 100-இல் செல்பவரைவிட 33 நிமிடம் முன்னதாகச் சேரலாம். சுங்கச் சாவடியும் வழியில் ஒரு தேநீரும் அந்த 33 நிமிடத்தை விழுங்கிவிடும்.

இது புதிய வாதமும் அன்று. 1923-இலேயே அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 42,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, கார்களை மணிக்கு 25 மைலுக்குள் நிறுத்தும் கருவியைக் கட்டாயமாக்கக் கோரினார்கள். கார் வணிகர்கள் திரண்டு எதிர்த்தார்கள். வாக்கெடுப்பில் தோற்றுப் போனது. அன்று அக்கருவியைத் தனியாகச் செய்து பொருத்த வேண்டும். இன்றைய கார்களில் ஆக்ஸிலரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே கம்பி இல்லை, கணினி இருக்கின்றது. அதில் ஓர் எண்ணை எழுதினால் போதும். வால்வோ நிறுவனம் 2020 முதல் தனது புதிய கார்கள் அனைத்தையும் 180-இல் நிறுத்திவிட்டது. உரிமையாளர் வெட்டுவதற்கு அங்கே ஒயர் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் சென்றுள்ளது. 2024 ஜூலை முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்கள் யாவும், சாலையோரப் பலகையையும் வரைபடத்தையும் கொண்டு அந்தந்தச் சாலையின் வரம்பை அறிந்து ஓட்டுநருக்கு உணர்த்த வேண்டும். ஆயினும் ஓட்டுநர் அழுத்தி மிதித்தால் மீறலாம், அணைத்தும் வைக்கலாம், அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது அது தானாக இயங்கத் தொடங்கும். அறிவுடைய ஏற்பாடுதான். ஆனால் மரக்கிளைக்குப் பின்னால் வேகப் பலகை மறைந்திருக்கும் நமது ஊரில் அந்தக் காரின் கேமரா எதைப் படிக்கும்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன். மேல்வரம்பு வைப்பதால் நமது பள்ளிக்கூடத் தெருவில் குறுக்கே ஓடும் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. அங்கே 50 கூட அதிகம். சென்னையில் 2023-இல் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 என்று வரம்பு விதித்தார்கள்; நமது தெருவுக்கு வேகத்தடை கேட்டு நகராட்சிக்கு மனுக் கொடுப்பதே வழி. இருசக்கர வாகனங்களும் அவ்வாறே. 2022-இல் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவற்றுக்கும் 2015 அறிவிப்பில் விலக்குத்தான். அது தனியாகப் பேச வேண்டிய பொருள்.

ஆக, தொழிற்சாலையிலேயே கணினியில் பதிக்கப்பட்டு, உரிமையாளரால் நீக்க முடியாத மேல்வரம்பு ஒவ்வொரு புதிய காருக்கும் வேண்டும் என்பதே என் கருத்து. என் தங்கை மகனின் காரில் அது இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. அதை இறைவனே அறிவான். "எவ்வளவு போகும் மாமா?" என்ற கேள்விக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

சட்டம் வரும்வரை, சில புதிய கார்களில் நாமே வரம்பு வைத்துக்கொள்ளும் வசதி இருக்கின்றது. பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கும் தகப்பனார்கள் விற்பனையாளரிடம் அதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

நமது மதரஸா வேனைக் கவனித்துக் கொள்பவன் என்ற முறையில் ஒரு தகவலையும் கூறி முடிக்கின்றேன். அதில் 60-க்குக் கருவி பொருத்தப்பட்டுள்ளது. பிள்ளைகளைக் கொண்டுசேர்க்கத் தாமதமாகிறது, எஃப்.சி. முடிந்ததும் கழற்றிவிடலாமே என்று ஓட்டுநர் கேட்டார். கழற்றவில்லை. வேன் புறப்படும் நேரத்தைக் கால்மணி நேரம் முன்னதாக மாற்றியிருக்கின்றோம். பெற்றோர்கள் பிள்ளைகளை அதற்கேற்ப எழுப்பி அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.